எபிடெமியாலஜி, கிளினிக்கல் ரிசர்ச் மேற்படிப்பு: சேர்வதற்கு முன்பிருந்து தீசிஸ் வரை, எதை எதற்குப் பின் செய்வது

எபிடெமியாலஜி என்றால் நோய் மக்களிடம் யாருக்கு, எவ்வளவு, ஏன் வருகிறது என்று ஆராய்வது; கிளினிக்கல் ரிசர்ச் என்றால் நோயாளிகளிடம் நடத்தும் ஆய்வு. இந்தப் படிப்பில் ஆட்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் வரிசை மாறுவதால்தான். டேட்டாவை முதலில் சேர்த்துவிட்டுக் கேள்வியைப் பிறகு தேடுவது, அனுமதி வரும் முன்பே ஃபைல்களைப் புரட்டுவது, தீசிஸ் கொடுக்க மூன்று வாரம் இருக்கும்போது மாதிரி அளவு (ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும் என்பது) எவ்வளவு என்று கேட்பது. நானும் இவற்றில் இரண்டைச் செய்து ஒரு பருவத்தை இழந்தேன். அதற்கப்புறம் வந்த ஜூனியர்கள் அதே இடங்களில் நிற்பதைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதைத்தான் இங்கே சேர்த்து எழுதுகிறேன். மருத்துவர்கள், பல் மருத்துவர்கள், செவிலியர்கள், ஆய்வகத்திலிருந்து வருகிற விஞ்ஞானிகள், எல்லாருக்கும் பொருந்தும்.

1. முதலில் நேரத்தை எண்ணுங்கள்

முழுநேர மாஸ்டர்ஸ் பொதுவாக 1 முதல் 2 ஆண்டு. பகுதிநேரமாகச் செய்தால் அதற்கு மேலும் இழுக்கும். டியூட்டி பார்த்துக்கொண்டே படிக்கப் போகிற மருத்துவர் என்றால், வாரத்தில் ஒரு முழு நாளாவது நோயாளிகள் இல்லாத நாளாக வேண்டும் என்று துறைத் தலைவரிடம் பேசி, அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லாக இருந்தால் முதல் ஆள் பற்றாக்குறையிலேயே அந்த நாள் போய்விடும்.

ஏன் ஒரு முழு நாள்? நைட் டியூட்டி முடித்து வந்து ஒரு கட்டுரையை வாசித்துவிடலாம். ஆனால் டேட்டாவை அலச எழுதிய கோட் (கணினிக் கட்டளைகள்) ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிக்க விட்டுவிட்டுக் கிடைக்கிற அரை மணி நேரங்கள் உதவாது, ஒவ்வொரு முறையும் எங்கே விட்டோம் என்று நினைவுக்குக் கொண்டுவருவதிலேயே அந்த அரை மணி கரைந்துவிடும்.

2. எந்தப் படிப்பு என்பதைப் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள்

எம்.பி.எச். (பொதுச் சுகாதாரத்தில் மாஸ்டர்ஸ்), எபிடெமியாலஜியில் எம்.எஸ்சி., கிளினிக்கல் ரிசர்ச்சில் மாஸ்டர்ஸ், பிஎச்.டி., சில மாதச் சான்றிதழ் படிப்புகள் என்று நிறைய உண்டு. பாடத்திட்டத்தை எடுத்து மூன்றை மட்டும் பாருங்கள்: ரிக்ரஷன் (பல மாறிகளை ஒரே சமயத்தில் எடுத்து ஒரு விளைவோடு தொடர்புபடுத்தும் கணக்கு) வரை போகிற புள்ளியியல் எத்தனை பாடம், தீசிஸ் கட்டாயமா, உண்மையான டேட்டாவில் கை வைக்க விடுகிறார்களா.

எம்.பி.எச்.சில் சுகாதார நிர்வாகம், கொள்கை, சுற்றுச்சூழல் எல்லாம் கலந்திருக்கும், எபிடெமியாலஜி அதில் ஒரு பங்குதான். சொந்தமாக ஆய்வை வடிவமைத்து நடத்த வேண்டும் என்பது உங்கள் நோக்கமானால் தீசிஸ் இல்லாத படிப்பு போதாது. மற்றவர் ஆய்வை எடைபோட்டு வாசிக்கத் தெரிந்தால் போதும் என்றால் சான்றிதழே போதும், இரண்டு ஆண்டைக் கொடுக்க வேண்டியதில்லை. பிஎச்.டி.க்கு நேரே போகலாமா என்று ஆய்வகத்துக்காரர்கள் கேட்பார்கள். ஒரு மனித ஆய்வையாவது முழுசாக உள்ளிருந்து பார்த்த பிறகு போங்கள் என்பதுதான் என் கருத்து.

3. சேர்வதற்கு முன் இரண்டு மாதம்: கணக்கும் மென்பொருளும்

கால்குலஸ் தேவையில்லை. விகிதம், நிகழ்தகவு, மடக்கை, இந்த மூன்றும் கையில் ஓட வேண்டும். உங்களையே சோதித்துக்கொள்ள இரண்டு கணக்கு தருகிறேன், பேப்பர் எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

ஒரு நோய் 100 பேரில் 1 ஆளுக்கு இருக்கிறது. பரிசோதனையின் உணர்திறன் (நோயுள்ளவரைப் பாசிட்டிவ் என்று காட்டுவது) 90%, தனித்தன்மையும் (நோயில்லாதவரை நெகட்டிவ் என்று காட்டுவது) 90%. பாசிட்டிவ் என்று வந்தவருக்கு நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? 10,000 பேரை எடுத்துக்கொண்டால் நோயுள்ள 100 பேரில் 90 பேர் பாசிட்டிவ், நோயில்லாத 9,900 பேரில் 990 பேரும் பாசிட்டிவ். 1,080-இல் 90, அதாவது ஏறத்தாழ 8%. இதை வாய்ப்பாடு இல்லாமல் பத்து நிமிடத்தில் போட முடிந்தால் நீங்கள் தயார்.

இரண்டாவது: சிகிச்சை பெற்றவர்களில் 60% குணமாகிறார்கள், பெறாதவர்களில் 40%. ரிஸ்க் ரேஷியோ, அதாவது 60%-ஐ 40%-ஆல் வகுத்தால், 1.5. ஆட்ஸ் ரேஷியோ, அதாவது குணமானவர்களைக் குணமாகாதவர்களால் வகுத்து இரு குழுக்களையும் ஒப்பிட்டால், (60/40) ÷ (40/60) = 2.25. இரண்டும் சரியான விடைதான். ஆனால் 2.25-ஐப் பார்த்து "குணமாகும் வாய்ப்பு இரண்டேகால் மடங்கு" என்று எழுதினால் தவறு, அச்சான கட்டுரைகளிலேயே இந்தத் தவறு இருக்கும். இந்த வித்தியாசம் இப்போதே புரிந்துவிட்டால் பிறகு லாஜிஸ்டிக் ரிக்ரஷன் (ஆம்/இல்லை என்ற விளைவுக்கான ரிக்ரஷன், விடை ஆட்ஸ் ரேஷியோவாக வரும்) வகுப்பில் தலை சுற்றாது.

மென்பொருளில் ஆர் அல்லது ஸ்டேட்டா, ஏதாவது ஒன்று. ஆர் இலவசம். எதுவானாலும் கட்டளைகளை எழுதி, சேமித்து, திரும்ப ஓட்டுகிற பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். மவுஸால் மெனுவைச் சொடுக்கிப் பெற்ற விடையை ஆறு மாதம் கழித்து உங்களாலேயே திரும்பக் கொண்டுவர முடியாது.

4. விண்ணப்பக் கடிதம்

நான்கு பத்தி போதும். நீங்கள் வேலையில் பார்த்த ஒரு பிரச்சினை, அதைப் பற்றி ஏற்கெனவே என்ன தெரியும், எது தெரியவில்லை, அதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு எந்தத் திறமை குறைகிறது. சிறு வயதிலிருந்தே ஆராய்ச்சியில் ஆர்வம் என்று தொடங்குகிற கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், தேர்வுக் குழுவுக்கு அதிலிருந்து எதுவும் தெரியவராது.

5. முதல் பருவம்: பழைய அர்த்தங்களை இறக்கி வையுங்கள்

இங்கேதான் மருத்துவரும் விஞ்ஞானியும் வெவ்வேறு இடங்களில் தடுமாறுகிறார்கள்.

ஆய்வகத்திலிருந்து வருபவருக்கு "கன்ட்ரோல்" என்றால் தானே உருவாக்குகிற ஒன்று. மருந்து சேர்க்காத தட்டு, மரபணு மாற்றாத எலி. நோய் உள்ளவரையும் (கேஸ்) இல்லாதவரையும் (கன்ட்ரோல்) ஒப்பிடுகிற கேஸ்-கன்ட்ரோல் ஆய்வில் கன்ட்ரோல் என்பவரை யாரும் உருவாக்குவதில்லை. நோயாளிகள் எந்த மக்கள்தொகையிலிருந்து வந்தார்களோ, அதே மக்கள்தொகையிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுகிற மாதிரி அவர். "இவருக்கு இந்த நோய் வந்திருந்தால் என் ஆய்வில் கேஸாகச் சேர்ந்திருப்பாரா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் அவர் உங்கள் கன்ட்ரோல் ஆக முடியாது. "ஆரோக்கியமான தன்னார்வலர்கள்" என்று ஆய்வக ஊழியர்களையே கன்ட்ரோலாகப் போட்டுக்கொண்டு வந்த ஒருவரோடு உட்கார்ந்து இந்த ஒரு கேள்வியையே ஒரு மணி நேரம் பேச வேண்டியிருந்தது.

இன்னொன்று, எண்ணிக்கை. ஒரே நோயாளியின் இரண்டு கண்கள் இரண்டு நோயாளிகள் அல்ல. ஒரே வார்டில் ஒரே மருத்துவர் பார்த்த இருபது பேரும் ஒருவருக்கொருவர் முற்றிலும் தொடர்பற்றவர்கள் அல்ல. இதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நம்பக இடைவெளி (உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய எல்லை) பொய்யாகக் குறுகிப்போகும்.

மருத்துவரின் சிக்கல் வேறு. தன் ஓபிக்கு வருகிறவர்களே நோயின் முழு முகம் என்று நினைத்துவிடுவார். லேசான நோயுள்ளவர் வீட்டிலேயே இருந்திருப்பார், மிகத் தீவிரமானவர் வரும் முன்பே இறந்திருப்பார். இரண்டு நோய் சேர்ந்திருப்பவர் மருத்துவமனைக்கு வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், மருத்துவமனை ஃபைல்களில் அந்த இரண்டு நோய்க்கும் தொடர்பு இருப்பதுபோலத் தோன்றும், வெளியே மக்களிடம் அப்படி எதுவும் இல்லாமலே இருக்கலாம். இதற்கு பெர்க்சன் பயஸ் என்று பெயர்.

6. கேள்வியை முதல் பருவத்திலேயே எழுதுங்கள்

பாடமெல்லாம் முடிந்த பிறகு தலைப்பு தேடலாம் என்று காத்திருப்பதுதான் நான் பார்த்ததில் மிகச் செலவான தவறு. கேள்வி ஒன்று கையில் இருந்தால் ஒவ்வொரு வகுப்பும் அதற்குத் தீனி போடும். புள்ளியியல் பயிற்சி வரும்போது உங்கள் மாறிகளை நினைத்துக்கொண்டு செய்வீர்கள், ஆய்வு வடிவமைப்பு வகுப்பில் உங்கள் ஆய்வையே கோஹார்ட்டாகவும் (ஒரு கூட்டத்தைக் காலப்போக்கில் பின்தொடர்வது) கேஸ்-கன்ட்ரோலாகவும் மாற்றி மாற்றி வரைந்து பார்ப்பீர்கள். கேள்வி இல்லாதவருக்கு எல்லாம் தேர்வுக்கான பாடமாகவே போய்விடும்.

"சர்க்கரை நோயும் காசநோயும்" என்பது தலைப்பு. கேள்வியாக்க வேண்டுமானால் யாரிடம், எதை, எதோடு ஒப்பிட்டு, எந்த விளைவை, எவ்வளவு காலத்துக்குள் என்று ஐந்தையும் நிரப்ப வேண்டும். "நுரையீரல் காசநோய்க்குப் புதிதாகச் சிகிச்சை தொடங்கும் பெரியவர்களில், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், இரண்டாம் மாத முடிவில் சளியில் கிருமி மறையாமல் இருக்கும் விகிதம் எவ்வளவு அதிகம்?" இப்போது யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது, எப்போது அளப்பது எல்லாம் இந்த வாக்கியத்திலிருந்தே வந்துவிடுகிறது.

அப்புறம் இந்தக் கேள்வி எந்த வகை என்று பாருங்கள். எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எண்ணுவதா, யாருக்கு வரும் என்று முன்கணிப்பதா, இது அதற்குக் காரணமா என்று கேட்பதா? மூன்றுக்கும் ஆய்வு முறை வேறு. காரணம் தேடும் கேள்வியில் கன்ஃபவுண்டர்களை, அதாவது காரணத்தோடும் விளைவோடும் சேர்ந்திருந்து விடையைத் திரிக்கும் மூன்றாவது விஷயங்களை, பற்றி முழுசாக யோசிக்க வேண்டும். முன்கணிப்பில் ஒரு மாறி காரணமா இல்லையா என்பதைப் பற்றிக் கவலையில்லை, வேறொரு நோயாளிக் கூட்டத்திலும் அந்தக் கணிப்பு நிற்கிறதா என்பதுதான் முக்கியம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்ட தீசிஸை வாசிக்கும்போது ஆசிரியர் என்ன சொல்ல வருகிறார் என்பதே கடைசிவரை பிடிபடாது.

7. கைடு

பெயர் பெற்றவரா என்பதைவிட, எழுதி அனுப்பியதைப் பத்து நாளுக்குள் வாசித்துத் தருவாரா என்று அவருடைய தற்போதைய மாணவர்களிடம் கேளுங்கள். நோயைத் தெரிந்த ஒருவர், முறையியல் தெரிந்த ஒருவர் என்று இருவர் இருப்பது நல்லது. புள்ளியியல் நிபுணரைத் தொடக்கத்திலேயே போய்ப் பாருங்கள். டேட்டா சேர்ந்த பிறகு போனால், வடிவமைப்பில் நடந்துவிட்ட பிழையை அவராலும் திருத்த முடியாது.

கட்டுரையில் யார் பெயர், எந்த வரிசையில் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், ஆனால் வேலையெல்லாம் முடிந்த பிறகு பேசுவது அதைவிடச் சங்கடம்.

8. புரோட்டோகாலோடு காலி அட்டவணைகளையும் வரையுங்கள்

புரோட்டோகால் (ஆய்வின் எழுத்துத் திட்டம்) எழுதும்போது, கடைசியில் தீசிஸில் வரப்போகும் அட்டவணைகளை எண்கள் இல்லாமல் இப்போதே வரைந்துவிடுங்கள். அட்டவணை 1: இரு குழுக்களின் வயது, பாலினம், எடை, புகைப்பழக்கம். அட்டவணை 2: முக்கிய விளைவு, சரிசெய்யாத மதிப்பு, சரிசெய்த மதிப்பு (இரு குழுக்களுக்கும் வயது போன்றவற்றில் உள்ள வேறுபாட்டைக் கணக்கில் எடுத்தது), 95% நம்பக இடைவெளி. கட்டங்கள் எல்லாம் காலி.

இதில் என்ன லாபம் என்றால், எந்தக் கட்டத்துக்கும் போகாத கேள்வி உங்கள் படிவத்தில் இருந்தால் அது உடனே தெரியும், அதை வெட்டிவிடலாம். நிரப்ப வழியில்லாத கட்டம் இருந்தால் அதுவும் தெரியும். எனக்குத் தெரிந்த ஒருவர் 14 பக்கப் படிவம் வைத்திருந்தார். காலி அட்டவணை வரைந்த அன்று மாலை அது 4 பக்கமானது, அதோடு புகைப்பழக்கம் கேட்கவே மறந்திருப்பதும் தெரிந்தது. நோயாளியிடம் போகும் முன் தெரிந்ததால் ஒரு வரி சேர்த்ததோடு முடிந்தது.

எந்த மாறிக்காகச் சரிசெய்யப் போகிறீர்கள் என்பதையும் இங்கேயே, காரண வரைபடம் ஒன்று போட்டு, அம்புக்குறிகளோடு தீர்மானியுங்கள். பி மதிப்பை (உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இப்படியொரு முடிவு வர எவ்வளவு வாய்ப்பு என்ற எண்) பார்த்து மாறிகளைப் பொறுக்குவது வேண்டாம். காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவில் இருக்கிற மாறிக்குச் சரிசெய்தால் விடை தலைகீழாகவே மாறலாம். புகழ்பெற்ற உதாரணம்: எடை குறைந்து பிறந்த குழந்தைகளை மட்டும் எடுத்துப் பார்த்தால், புகைபிடித்த தாய்மார்களின் குழந்தைகள் நன்றாகப் பிழைப்பதுபோலத் தெரியும். புகை நல்லது என்று அதற்கு அர்த்தமில்லை. எடை குறைவுக்குப் புகை ஒரு காரணம், அதைவிட ஆபத்தான வேறு காரணங்களும் உண்டு. எடையை மட்டும் வைத்துப் பிரித்ததும் அந்த ஆபத்தான காரணங்கள் மற்ற தாய்மார்களின் பக்கம் அதிகமாகக் குவிந்துவிடுகின்றன.

9. மாதிரி அளவு

இந்தக் கணக்குக்கு நீங்கள் கொடுக்க வேண்டியவை: ஒப்பீட்டுக் குழுவில் எதிர்பார்க்கும் விகிதம், எவ்வளவு வித்தியாசம் நோயாளிக்கு உண்மையில் பயன்படும், பிழை வரம்பு (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு), ஆய்வின் திறன் (இருக்கிற வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு). 20% சிக்கல் 10% ஆகக் குறைகிறதா என்று பார்க்க, 5% பிழை வரம்பு, 80% திறன் என்றால், ஒரு குழுவுக்கு ஏறத்தாழ 200 பேர் வேண்டும். 20% என்பது 15% ஆகிறதா என்று கேட்டால் ஒரு குழுவுக்கு 900-க்கும் மேல். வித்தியாசம் பாதியானால் ஆட்கள் நான்கு மடங்குக்கும் அதிகமாகிறார்கள், இதை முதலில் பார்க்கும் எல்லாருக்கும் அதிர்ச்சிதான்.

நடுவில் விலகிப்போவோருக்கும் சேர்த்துக் கூட்டுங்கள். 15% பேர் விலகுவார்கள் என்றால் 200-ஐ 0.85-ஆல் வகுக்க வேண்டும், 15%-ஐக் கூட்டினால் போதாது. விடை 236.

ஆள் போதாது என்று தெரிந்தால் கேள்வியை மாற்றுங்கள். எதிர்பார்க்கும் வித்தியாசத்தை வேண்டுமென்றே பெரிதாகப் போட்டு எண்ணிக்கையைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்த ஆய்வு எதையும் நிரூபிக்காது, அதில் சேர்ந்த நோயாளிகளின் நேரமும் இரத்தமும் வீணாகும். இதில் நான் கறாராகவே இருப்பேன்.

10. எத்திக்ஸ் கமிட்டி, பதிவு

பழைய ஃபைல்களை மட்டும் பார்க்கிற ஆய்வுக்கும் அனுமதி வேண்டும். ஒப்புதல் படிவம் வேண்டாம் என்று விலக்கு தரக்கூடியது கமிட்டிதான், நீங்களாக எடுத்துக்கொள்ள முடியாது. திருத்தம் கேட்டுத் திரும்பி வரும் என்று வைத்துக்கொண்டே மூன்று மாதம் ஒதுக்குங்கள். ஒப்புதல் படிவம் நோயாளி பேசுகிற மொழியில் இருக்கட்டும், மருத்துவத் துறையில் இல்லாத ஒருவரிடம் கொடுத்து வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறுகிற வரியைத் திருத்துங்கள்.

மருந்து அல்லது சிகிச்சையைச் சோதிக்கும் ஆய்வு என்றால், முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு 2005 முதல் இதை நிபந்தனையாக வைத்திருக்கிறது. பிறகு பதிந்தால் அந்த நிபந்தனை நிறைவேறாது. ஜி.சி.பி. (குட் கிளினிக்கல் பிராக்டிஸ், மனித ஆய்வுகளை நடத்தும் நெறிமுறை) பயிற்சிச் சான்றிதழையும் இதற்குள் எடுத்துவிடுங்கள்.

11. டேட்டா சேர்த்தல்

முதலில் பத்துப் பேரிடம் ஒத்திகை. அந்தப் பத்து வரிகளை வைத்தே காலி அட்டவணைகளை நிரப்பிப் பாருங்கள்.

ஒருமுறை ஒரு ஜூனியர் கொண்டுவந்த ஷீட்டில் ஹீமோகுளோபின் சராசரி 60-க்கு மேல் வந்திருந்தது. கீழே இறங்கிப் பார்த்தால், அளக்காதவர்களுக்கு 999 என்று போட்டிருக்கிறார், கணினி அதையும் எண்ணாகவே கூட்டிவிட்டது. பக்கத்துப் பத்தியில் பாலினம் "ஆ", "ஆண்", "1" என்று மூன்று விதமாக இருந்தது. தேதி 03/04 என்று இருந்தது, அது மார்ச்சா ஏப்ரலா என்று எழுதியவருக்கே நினைவில்லை. அதையெல்லாம் சரிசெய்ய அவருக்கு ஐந்து வாரம் ஆனது.

அதனால் ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் தேதி. விடுபட்டதற்குக் காலிக் கட்டம், ஏன் விடுபட்டது என்பதற்குத் தனிப் பத்தி. ஒவ்வொரு மாறிக்கும் பெயர், அலகு, அனுமதிக்கப்பட்ட மதிப்புகள் எழுதிய ஓர் அகராதி. முடிந்தால் ரெட்கேப் (ஆய்வு டேட்டாவைப் பதியும் மென்பொருள்) போன்ற ஒன்றில் பதியுங்கள், 250 என்று வயது போட்டால் அங்கேயே கேட்கும்படி வைத்துவிடலாம். நோயாளி பெயரும் ஆய்வு எண்ணும் உள்ள பட்டியலைத் தனியாகப் பூட்டி வையுங்கள். மூலக் கோப்பைத் தொடவே கூடாது, திருத்தம் எல்லாம் கோடில்தான்.

12. பகுப்பாய்வு

வரிசை இது: ஒவ்வொரு மாறியையும் படமாகப் பாருங்கள், விடுபட்டவை எவ்வளவு என்று எண்ணுங்கள், சரிசெய்யாத ஒப்பீடு, பிறகு சரிசெய்தது, கடைசியில் அனுமானங்களை மாற்றிப் பார்க்கும் சோதனைகள். நேரே ரிக்ரஷனுக்குத் தாவினால் விசித்திரமான விடை வரும்போது எங்கே பிழை என்று தெரியாது.

பின்தொடர்ந்த ஆய்வில் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: காலக் கணக்கு எப்போது தொடங்குகிறது? மருத்துவமனையில் அனுமதியான ஐந்தாம் நாள் மருந்து தொடங்கியவரை முதல் நாளிலிருந்தே "மருந்து பெற்றவர்" என்று கணக்கிட்டால், அந்த ஐந்து நாள் அவர் உயிரோடு இருந்தே ஆக வேண்டும். அதற்குள் இறந்தவர் எல்லாம் "மருந்து பெறாதவர்" பக்கம் விழுவார். மருந்து ஒன்றுமே செய்யாவிட்டாலும் உயிர் காப்பதுபோலத் தெரியும். அனுபவமுள்ளவர்களும் விழுகிற பள்ளம் இது.

முன்பே திட்டமிடாத ஒப்பீடு செய்தால் செய்யலாம், ஆனால் திட்டமிடாதது என்று அதன் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

13. எழுதுதல்

முறையியல் பகுதியைப் புரோட்டோகால் முடிந்த வாரமே எழுதிவிடலாம், காலத்தை மட்டும் பிறகு "செய்தோம்" என்று மாற்ற வேண்டும். அடுத்து அட்டவணைகள், முடிவுகள், விவாதம், அறிமுகம், கடைசியில் சுருக்கம். அறிமுகத்திலிருந்து தொடங்குபவர்கள் அதிலேயே இரண்டு மாதம் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

நோக்கு ஆய்வுக்கு (சிகிச்சை எதையும் ஒதுக்காமல் நடப்பதைக் கவனித்துக் குறிப்பது) ஸ்ட்ரோப், சிகிச்சைச் சோதனைக்குக் கன்சார்ட், முறைசார் மீளாய்வுக்கு (ஒரு கேள்விக்கு வந்த ஆய்வுகளைத் தேடித் தொகுப்பது) ப்ரிஸ்மா என்று சரிபார்ப்புப் பட்டியல்கள் உண்டு. ஸ்ட்ரோப்பில் 22 அம்சங்கள். எழுதி முடித்த பிறகு ஒப்புக்குப் பக்க எண்ணைப் போடாமல், எழுதத் தொடங்கும் முன்பே பட்டியலை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேரை அணுகினோம், எத்தனை பேர் மறுத்தார்கள் என்பதை அது கேட்கும், அந்த எண்ணிக்கையை முதல் நாளிலிருந்து குறித்திராவிட்டால் பிறகு எங்கிருந்தும் எடுக்க முடியாது.

விவாதத்தில் குறைபாடுகளைச் சொல்லும்போது "மாதிரி அளவு சிறியது" என்று நிறுத்தாதீர்கள். அந்தக் குறை விடையை எந்தப் பக்கம் இழுத்திருக்கும், ஏறத்தாழ எவ்வளவு என்று சொல்லுங்கள். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்.

தீசிஸ் கொடுத்த அன்றே மூலக் கோப்பு, கோட், அகராதி மூன்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, எதை எந்த வரிசையில் ஓட்ட வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி, உங்கள் நிறுவனம் அனுமதித்த இடத்தில் சேமித்துவிடுங்கள். இதழிலிருந்து மதிப்பாய்வாளர் கேள்வி வர ஆறு மாதம்கூட ஆகலாம், அப்போது நீங்கள் வேறு வேலையில் இருப்பீர்கள்.